வேலையை விடாமல் பட்டம்: நம்மிடம் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?



பாலர் வகுப்பு உதவியாளர், பள்ளி அலுவலக ஊழியர், தனியார் பாலர் பள்ளி ஆசிரியை, சில வேளைகளில் பிள்ளையை அழைத்துப் போக வரும் பெற்றோர் என்று பலரும் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், எங்கிட்ட எஸ்.பி.எம். மட்டும்தான் இருக்கு. வயசு நாற்பதைத் தாண்டிடுச்சு. இனிமே டிகிரி படிக்க முடியுமா?"

"முடியும்மா, முயற்சி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறோம். அந்தப் பதில் பொய் இல்லை. ஆனால் அதை நம்பி, முதலில் கண்ணில் பட்ட விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்து, பொருந்தாத படிப்பில் பணத்தைக் கட்டியவர்களும் உண்டு. சம்பளமோ சொற்பம், நேரமோ அதைவிடச் சொற்பம். அதனால் கேட்பவருக்கு விவரத்தோடு பதில் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை செய்துகொண்டே பட்டம் படிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. யூ.எஸ்.எம். எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971லேயே வளாகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான ஓ.யூ.எம். 2000இல் அமைந்தது. வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2007இல் பினாங்கில் பாடங்களைத் தொடங்கியது. ஓ.யூ.எம்.மின் தொடக்ககால மாணவர்களில் பெரும்பகுதியினர் ஆசிரியர்கள்தாம். டி.ஜி. 29இல் இருந்து டி.ஜி. 41க்குப் போக, சனி ஞாயிறு பாராமல் நோட்டும் கையுமாக அலைந்த மூத்த ஆசிரியர் ஒருவராவது உங்கள் பள்ளியில் இருப்பார். கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்.

இன்று கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கிறது. அதற்குக் காரணம் 'ஏபெல்'. முறையான கல்விக்கு வெளியே, வேலையிலும் வாழ்க்கையிலும் ஒருவர் கற்றுக்கொண்டதை அளந்து ஏற்றுக்கொள்ளும் முறை இது. எம்.கியூ.ஏ. என்று நாம் அழைக்கும் மலேசியத் தகுதி நிறுவனம் இதை நடத்துகிறது. ஏபெலில் பல பிரிவுகள் உண்டு. பேச்சில் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள், அதனால் பிரித்தே சொல்கிறேன்.

முதலாவது ஏபெல் ஏ. இது நுழைவுக்கானது. எஸ்.டி.பி.எம்., டிப்ளோமா எதுவும் இல்லாதவர் இளங்கலைப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால், விண்ணப்பிக்கும் ஆண்டில் 21 வயதாகியிருக்க வேண்டும், படிக்கப்போகும் துறையோடு தொடர்புள்ள வேலை அனுபவமும் வேண்டும். டிப்ளோமாவுக்கு 20 வயது போதும். ஒரு திறனறித் தேர்வு எழுத வேண்டும், 'போர்ட்ஃபோலியோ' எனப்படும் சான்றுக் கோப்பு ஒன்றும் கொடுக்க வேண்டும். இரண்டிலும் தேறினால் சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழ் பட்டம் அல்ல, எஸ்.டி.பி.எம்.முக்குச் சமமான தகுதியும் அல்ல. விண்ணப்பம் போட ஒரு வழி, அவ்வளவுதான். சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பதைப் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும்.

இரண்டாவது ஏபெல் சி. இது சேர்ந்த பிறகு வருவது. அனுபவத்தாலேயே ஒரு பாடம் உங்களுக்குத் தெரியும் என்றால், ஒரு தேர்வின் மூலமோ சான்றுக் கோப்பின் மூலமோ அதை நிரூபித்து, அந்தப் பாடத்துக்குரிய கிரெடிட்டைப் பெற்றுக்கொள்ளலாம். மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு வரை இப்படிப் பெறலாம் என்பது பொதுவான வரம்பு. பத்து வருஷம் பாலர் பள்ளி நடத்தியவருக்கு இது பெரிய விஷயம். ஆனால் கேட்டால்தான் கொடுப்பார்கள். பதிவு செய்யும் நாளிலேயே "ஏபெல் சி இருக்கா? எந்தெந்தப் பாடத்துக்கு?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

அனுபவத்தை மட்டுமே வைத்து முழுத் தகுதியையும் வழங்கும் ஏபெல் கியூ என்ற பிரிவும் இருக்கிறது. அதற்கான மதிப்பீடு கடுமையானது. நம்மிடம் கேட்க வருபவர்களில் பெரும்பாலோருக்கு அது இப்போதைக்குப் பொருந்தாது.

இனி, விளம்பரத்தில் யாரும் போடாத கணக்கு ஒன்று. இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். நம் நாட்டுத் தகுதிக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, இடுபணி, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடக்கம். ஆக மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். 15 வாரத் தவணையில் வாரத்துக்கு 8 மணி நேரம். இரண்டு பாடம் எடுத்தால் வாரத்துக்கு 16 மணி நேரம்.

எல்லாப் பாடமும் மூன்று கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 40 பாடங்கள். தவணைக்கு இரண்டு, ஆண்டுக்கு மூன்று தவணை என்றால் ஆண்டுக்கு ஆறு பாடம். கிட்டத்தட்ட ஏழு ஆண்டு ஆகிவிடும். ஏபெல் சி வழியாக 12 பாடம் குறைந்தால் மீதி 28. அப்போது ஐந்து ஆண்டுக்குள் முடிக்கலாம். தவணைக்கு மூன்று பாடம் எடுத்தால் இன்னும் சீக்கிரம் முடியும், ஆனால் வாரத்துக்கு 24 மணி நேரம் வேண்டும். காலை வேலை, மாலை சமையல், இரவு பிள்ளையின் வீட்டுப்பாடம் என்று ஓடுகிற ஒரு பெண்ணுக்கு அந்த 24 மணி நேரம் எங்கிருந்து வரும்? "ஈஸியா மூணே வருஷத்துல முடிச்சிடலாம்" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டாக ஒரு கட்டுரைகூட எழுதாதவருக்கு நேரடியாகப் பட்டப்படிப்பு வேண்டாம். டிப்ளோமாவில் தொடங்கட்டும். பாலர் கல்வியில் டிப்ளோமா முடித்தால் கையில் ஒரு தகுதி இருக்கும். பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குக் குறைந்தது டிப்ளோமா வேண்டும் என்பதுதானே 2013-2025 கல்வி மேம்பாட்டுத் திட்டத்தின் நோக்கமும். பிறகு பட்டத்துக்குப் போகும்போது டிப்ளோமா பாடங்கள் சிலவற்றுக்குக் கிரெடிட் மாற்றமும் கேட்கலாம். நடுவில் குடும்பச் சூழ்நிலையால் நின்றுபோனாலும் வெறுங்கையோடு நிற்க மாட்டார். சுற்றுவழி மாதிரி தெரியும், ஆனால் விழுந்தால் அடி குறைவு.

மொழியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். திறனறித் தேர்வில் மலாயும் ஆங்கிலமும் வரும். படிப்பும் பெரும்பாலும் அந்த இரண்டு மொழிகளில்தான். தமிழில் அழகாகப் பாடம் நடத்தும் ஆசிரியை, மலாயில் 2,000 சொல் இடுபணி என்றதும் பின்வாங்குவதைப் பார்க்கிறோம். இதற்கு ஒரு வழி, சேருவதற்கு முன் மூன்று மாதம் வாரம் ஒரு பக்கம் எழுதிப் பழகுவது. திருத்திக் கொடுக்க நம் பள்ளியின் மலாய்மொழி ஆசிரியரைவிடப் பொருத்தமானவர் யார்?

அடுத்ததுதான் அதிகம் ஏமாற்றம் தரும் இடம். "டிகிரி முடிச்சா தமிழ்ப்பள்ளியில டீச்சர் ஆயிடலாம்தானே?" தானாக ஆகிவிட முடியாது. அரசாங்கப் பள்ளியில் நிரந்தர ஆசிரியராகப் பட்டத்தோடு கற்பித்தல் பயிற்சித் தகுதியும் வேண்டும். நியமனம் கல்விச் சேவை ஆணையத்தின் கையில் இருக்கிறது. அதோடு எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் இருக்க வேண்டும். ஏபெல் இந்த நிபந்தனையை நீக்காது. பட்டம் வாங்கிவிட்டு, எஸ்.பி.எம். மலாய் முடிவு தடுக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொள்வது எவ்வளவு வேதனை! அந்தத் தாளை மட்டும் மறுபடியும் எழுதலாம். படிப்பைத் தொடங்கும் ஆண்டிலேயே எழுதி முடித்துவிட்டால் மனம் நிம்மதியாக இருக்கும். அரசாங்க வேலைதான் குறி என்றால், சேருவதற்கு முன்பே பொதுச் சேவைத் துறையிடமும் ஆணையத்திடமும் அந்தப் படிப்பின் பெயரைச் சொல்லி, ஏபெல் வழியாக நுழைவதையும் சொல்லி, எழுத்து மூலம் கேட்கட்டும்.

படிப்பு உண்மையானதா என்று பார்ப்பது சுலபம். எம்.கியூ.ஏ. இணையத்தளத்தில் மலேசியத் தகுதிப் பதிவேடு இலவசமாகக் கிடைக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் தேடாதீர்கள், படிப்பின் முழுப் பெயரையும் தேடுங்கள். தற்காலிக அங்கீகாரம் மட்டும்தானா, முழு அங்கீகாரமா என்பதையும், தொலைதூர முறைக்கும் அந்த அங்கீகாரம் பொருந்துமா என்பதையும் கவனியுங்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பு பட்டியலில் இருக்கும், இன்னொன்று இருக்காது. பாடமும் இல்லை, தேர்வும் இல்லை, பணத்தைக் கட்டினால் அங்கியும் தொப்பியும் என்று வரும் அழைப்புகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நம் சமூக மேடைகளில் அந்த மாதிரிப் பட்டங்களை நிறையவே பார்த்துவிட்டோம்.

சரி, காசுக்கு என்ன வழி? திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக அந்தத் தவணையில் எடுக்கும் பாடங்களுக்கு ஏற்பக் கட்டணம் கட்டலாம். கை இறுக்கமான தவணையில் ஒரே பாடத்தோடு நிறுத்திக்கொள்ள முடிவது இதில் பெரிய வசதி. ஊழியர் சேமநிதி வைத்திருப்பவர்கள் கல்விக்கான மீட்புக்கு விண்ணப்பிக்கலாம். 2024 மே மாதக் கணக்கு மாற்றத்துக்குப் பிறகு அந்தப் பணம் 'அக்காவுன் செஜாத்ரா'விலிருந்து எடுக்கப்படுகிறது. முதுமைக்கான சேமிப்புதான் அது என்பதால், முழுப் படிப்புக்கும் அதையே நம்ப வேண்டாம் என்று சொல்வேன். வருமான வரியில் சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு. ஆனால் இளங்கலை நிலையில் சட்டம், கணக்கியல், தொழில்நுட்பம், அறிவியல் போன்ற குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டுமே அது. பாலர் கல்விப் பட்டத்தை அதில் சேர்த்துக் கணக்குப் போடக் கூடாது. முதுகலை, முனைவர் படிப்புக்குத் துறைக் கட்டுப்பாடு இல்லை. இது நம்மில் மேற்படிப்புப் படிக்கும் ஆசிரியர்களுக்கு உதவும்.

கடைசியாக, நாம் கையோடு செய்யக்கூடிய உதவி. சான்றுக் கோப்பு என்றதும் பலர் மலைத்துப்போகிறார்கள். "எங்கிட்ட காட்ட என்ன இருக்கு?" என்பார்கள். நியமனக் கடிதம், எத்தனை ஆண்டு எங்கே வேலை செய்தார் என்று காட்டும் சேமநிதி அறிக்கை, கலந்துகொண்ட பட்டறைச் சான்றிதழ்கள், தாமே செய்த பயிற்றுத்துணைப் பொருள்களின் படங்கள், எழுதிய பாடத்திட்டங்கள் என்று எல்லாமே சான்றுதான். தமிழில் உள்ள நற்சான்றிதழ்களோடு மலாயில் ஒரு சுருக்கம் இணைக்கச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் கடிதம் கொடுத்தால், "நல்லவர், கடுமையாக உழைப்பவர்" என்று மட்டும் எழுத வேண்டாம். எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார், எந்த நடவடிக்கையைத் தனியாக நடத்துகிறார், எதைத் திட்டமிடுகிறார் என்று எழுதிக் கொடுங்கள். மதிப்பீட்டாளர் தேடுவது அதைத்தான்.