ஒரே மதிப்பில் பிறந்த இரண்டு ரூபாய்கள்

1967 தொடக்கத்தில் ஓர் இலங்கை ரூபாய், அதிகாரபூர்வ விகிதப்படி, ஒன்றரை இந்திய ரூபாய்க்கு மேல் பெறும். 2022 மே மாதத்தில் ஓர் இந்திய ரூபாய்க்கு நாலரை இலங்கை ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தியா வளர்ந்தது, இலங்கை தேய்ந்தது என்று இதற்கு ஒரு வரியில் விளக்கம் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த நெருக்கடி ஆண்டிலும் தலா வருமானத்தில் இலங்கைதான் முன்னே நின்றது. நாணய விகிதம் நாட்டின் செல்வத்தை அளக்கும் கோல் அல்ல. இந்த இரு ரூபாய்களின் வரலாற்றில் பெரிய சரிவுகள் குறுகிய காலத்திலேயே நேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால், விகிதத்தை அசையவிடாமல் பிடித்துவைத்த காலம் ஒன்று இருந்தது. கேடு அந்தப் பிடியில்தான் தொடங்கியது என்பதே என் வாதம்.

தொடக்கத்தில் இரண்டும் ஒன்றே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் புழங்கியது இந்திய ரூபாய். 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்த பிறகு அமைந்த நாணயச் சபை, இந்திய ரூபாய்க்கு ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தாள்களை வெளியிட்டது. 1949இல் பிரிட்டிஷ் பவுனோடு சேர்ந்து இரண்டும் மதிப்பிறங்கின. 1950இல் இலங்கை மத்திய வங்கி திறந்தபோதும் டாலருக்கு 4.76 என்ற ஒரே விகிதம்தான். 1966 ஜூன் 6 அன்று இந்தியா டாலரை 7.50 ஆக்கியது, இலங்கை பின்தொடரவில்லை. 1967 நவம்பரில் பவுன் மீண்டும் இறங்கியபோதுதான் இலங்கை 5.95க்கு வந்தது. மேலே சொன்ன ஒன்றரை ரூபாய் இந்த இடைவெளியில் பிறந்தது.

அந்த உயர்வு வலிமையின் அடையாளமாகத் தெரியலாம். உள்ளே டாலர் பஞ்சம் இருந்தது. 1968இலேயே இரட்டை விகிதம் வந்தது: அத்தியாவசியப் பொருட்களுக்கு ஒரு விலை, மற்றவற்றுக்குச் சான்றிதழ் வாங்கிக் கூடுதல் விலை. அதாவது ரூபாய் விழுந்துவிட்டதை அரசே பாதி ஒப்புக்கொண்டது. ஆனால் அப்போது பலகையில் எழுதிய எண்ணை மாற்றவில்லை. 1977 நவம்பரில் ஜே. ஆர். ஜெயவர்த்தன அரசு விகிதங்களை ஒன்றாக்கியபோது டாலர் 16 ரூபாயில் நின்றது. ஒன்பதுக்கும் குறைவாக இருந்த அடிப்படை விகிதம் ஏறக்குறைய இரட்டித்தது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தமிழகம் திரும்பிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளருக்கு இது வெறும் புள்ளிவிவரமல்ல. தேயிலை மலையில் ஆயுள் முழுக்க உழைத்துச் சேர்ந்த சேமலாப நிதி, கடல் தாண்டும்போது இந்திய ரூபாயில் பாதியளவு சுருங்கிப்போகும் நிலை அது.

உள்நாட்டுப் போர்தான் இலங்கை ரூபாயை வீழ்த்தியது என்றொரு மறுப்பு உண்டு. டாலருக்கு எதிரான தேய்வில் போருக்குப் பங்கிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் போர் உச்சத்தில் இருந்த தொண்ணூறுகளில் இரு ரூபாய்களுக்கும் இடையிலான தூரம் குறைந்தது. 1990இல் இந்திய ரூபாய்க்கு இரண்டேகால் இலங்கை ரூபாய்; சில ஆண்டுகளில் ஒன்றரையைச் சற்றே தாண்டிய அளவு. காரணம் இந்தியப் பக்கம் இருந்தது. தங்கத்தை அடகு வைக்கும் நிலை வரும்வரை விகிதத்தைத் தாங்கிய இந்தியா, 1991 ஜூலை முதல் வாரத்தில் இரண்டு தவணையாக மதிப்பைக் குறைத்தது. 1993இல் சந்தை விகிதத்துக்கு மாறியது. அதன் பிறகு ரூபாய் படிப்படியாக இறங்கியது. அப்படி இறங்கியதால்தான் அதுபோன்ற இன்னொரு ஜூலை வரவில்லை என்று நினைக்கிறேன்.

இலங்கை 2001இல் ரூபாயை மிதக்கவிட்டும், 2021இல் பழைய வழிக்கே திரும்பியது. 2021 செப்டம்பரிலிருந்து 2022 மார்ச் தொடக்கம்வரை டாலர் 203 ரூபாயைத் தாண்டாமல் பிடித்துவைக்கப்பட்டது. விட்டுவிட்டால் பருப்பும் பால்மாவும் விலையேறும், ஏழைகள்தான் அடிபடுவார்கள் என்பது அதற்குச் சொன்ன நியாயம். இது எளிதில் தள்ளக்கூடிய வாதமல்ல. இறக்குமதியை நம்பிய தீவில் ரூபாயின் சரிவு நேராக அடுப்படிக்கு வந்துவிடும். ஆனால் 203 என்ற விலையில் வங்கிகளில் டாலரே இல்லை. சரக்குப் பெட்டிகள் கொழும்புத் துறைமுகத்தில் தேங்கின. பால்மா மலிவாகவும் கிடைக்கவில்லை, கிடைக்கவுமில்லை. வங்கிக்கு வெளியே கூடுதல் விலை கிடைத்ததால் வெளிநாட்டில் உழைப்போர் பணத்தை உண்டியல் எனும் முறைசாரா வழியில் அனுப்பினார்கள். வங்கி வழியே வந்த தொகை 2020இல் சுமார் 710 கோடி டாலர், 2021இல் 549 கோடி, 2022இல் 379 கோடி. பிடியை விட்ட இரண்டே மாதங்களில் டாலர் 360ஐத் தொட்டது. 2022 செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 விழுக்காடு. காக்கப்பட வேண்டிய ஏழையின் தலையில் ஒரு கோடைக்குள் எல்லாம் சேர்ந்து விழுந்தது.

2019 இறுதியின் வரிக்குறைப்பு, கொரோனாவில் முடங்கிய சுற்றுலா, 2021இன் இரசாயன உரத் தடை, அளவு மீறிய கடன் எல்லாம் சேர்ந்ததே அந்த வீழ்ச்சி; விகிதம் மட்டும் குற்றவாளியல்ல. ஆனால் மற்றவை கையிருப்பைக் குறைத்துக்கொண்டிருக்கையில், எஞ்சிய டாலரையும் ஓர் எண்ணைக் காக்கச் செலவிட்டது இந்தக் கொள்கைதான். 2023இல் வங்கி விலையும் வெளிவிலையும் நெருங்கின. அந்த ஆண்டு வங்கி வழியே வந்த பணம் மறுபடி 597 கோடி டாலர்.