வளரும் பிள்ளையின் எடை: அவசரம் வேண்டாம்

கோடை விடுமுறைக்குள் பிள்ளையின் எடையைக் குறைத்துவிட வேண்டும் என்று வரும் பெற்றோரிடம் நாங்கள் முதலில் கூறுவது அவர்களுக்குப் பெரும்பாலும் வியப்பளிக்கிறது. உயரமாகிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பலருக்கு எடை குறைய வேண்டியதில்லை. கூடாமல் நின்றாலே போதும். 150 செ.மீ. உயரமும் 58 கிலோ எடையும் உள்ள 13 வயதுச் சிறுவனின் உடல் நிறை குறியீட்டெண் 25.8. ஓராண்டில் அவன் 156 செ.மீ. ஆக வளர்ந்து, எடை அதே 58 கிலோவில் நின்றால், அந்த எண் 23.8 ஆகிவிடும். ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்காமல் கிடைத்த பயன் இது.

இவ்வெண்ணைப் பெரியவர்களுக்குரிய அளவைக் கொண்டு வீட்டிலேயே மதிப்பிட வேண்டாம். வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வளர்ச்சி வரைபடத்தில் வைத்தே மருத்துவர் பார்ப்பார். உயர வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிட்ட மூத்த பிள்ளைகளுக்கு எடை குறைய வேண்டியிருக்கலாம். அவர்களுக்கும் மாதம் ஒன்று அல்லது இரண்டு கிலோ என்ற வேகமே பொதுவாகப் போதுமானது.

எலும்பின் வலிமையில் பெரும்பகுதி வளரிளம் பருவத்தில்தான் சேர்கிறது. பட்டினியால் குறையும் எடையில் கொழுப்போடு தசையும் கரைகிறது. மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மிகுதியாகத் தேவை; உணவை வெட்டினால் இரத்தசோகை எளிதில் வரும், மாதவிடாயே நின்றுபோவதும் உண்டு. மிக விரைவாக எடை குறைவோருக்குப் பித்தப்பையில் கற்கள் உண்டாகலாம். விளம்பரத்தைப் பார்த்து எடை குறைப்புப் பொடிகளை வாங்கித் தராதீர்கள்.

காலை உணவைத் தவிர்த்துவிட்டு ஓடும் பிள்ளை, மாலையில் டியூஷனுக்குப் போகும் வழியில் பசி தாங்காமல் பஃப்ஸும் பரோட்டாவும் தேடுகிறது. காலையில் இட்லி, சாம்பார், ஒரு முட்டை உள்ளே சென்றிருந்தால் அந்த வேகம் தணியும். சோற்றைப் பகையாக்க வேண்டாம். தட்டில் அது சற்றுக் குறைந்து, கீரையும் பொரியலும் பருப்பும் மீனும் சற்றுக் கூடட்டும். முதலில் கைவைக்க வேண்டியது குடிப்பவற்றில்தான். 300 மி.லி. கோலா பானத்தில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. ஏறக்குறைய ஏழு தேக்கரண்டி. அவ்விடத்தில் மோரோ தண்ணீரோ வந்தால், வேறெதையும் மாற்றாமலே ஒரு பெரும் அளவு குறைந்துவிடும்.

வீட்டில் மற்றவர்கள் மிக்சர் கொறிக்க, ஒரு பிள்ளைக்கு மட்டும் வெள்ளரிக்காய் தருவதை அப்பிள்ளை தண்டனையாகவே உணரும். மாற்றம் முழுக் குடும்பத்துக்கும் உரியதாக இருக்கட்டும். திருமண வீடுகளில் உறவினர் உதிர்க்கும் கேலிச்சொல்லுக்கு நீங்களே தடை போடுங்கள். கேலிக்கு அஞ்சும் பிள்ளைகள் ஒளித்து உண்ணப் பழகுகிறார்கள். அப்பழக்கத்தை மாற்றுவது எடையைக் குறைப்பதினும் கடினம்.

நாள்தோறும் 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மிதிவண்டியும் கபடியும் நடனமும் இதில் அடங்கும். உறக்கம் 8 முதல் 10 மணி நேரம். கைபேசி படுக்கைக்கு வெளியே இருந்தால்தான் அது நடக்கும்.

பிடரியிலும் அக்குளிலும் தோன்றும் வெல்வெட் போன்ற கருமையை அழுக்கென்று எண்ணிப் பலர் தேய்த்துக் கழுவுகிறார்கள். அது இன்சுலின் சரிவரச் செயல்படாததன் அடையாளமாக இருக்கலாம். அதனுடன் குறட்டை, ஒழுங்கற்ற மாதவிடாய், உண்டபின் வாந்தியெடுக்கும் வழக்கம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் காலந்தாழ்த்தாமல் வாருங்கள். பழைய உயர, எடைக் குறிப்புகள் பள்ளியிலோ தடுப்பூசி அட்டையிலோ இருந்தால் எடுத்து வாருங்கள். பிள்ளையோடு நாங்கள் சிறிது நேரம் தனியே பேசுவோம். அப்போது வெளியே காத்திருக்கச் சொன்னால் வருந்த வேண்டாம்.