எஞ்சிய துணிக்கட்டங்களும் நம் சங்கத்தின் கணக்கும்

தறியிலிருந்து அறுத்தெடுக்கும் துணி முழுவதும் விலைக்குப் போவதில்லை. பாவின் தொடக்கத்திலும் முடிவிலும் நிற்கும் துண்டு, சாயம் திட்டாக ஏறிய இடம், தையற்காரர் வெட்டி ஒதுக்கிய ஓரம் ஆகியவை மூலையில் சேர்ந்து, பின்னர் எடைக்குப் போடப்படுகின்றன. முழுத்துணிக்கு எவ்வளவு நூலும் உழைப்பும் சென்றனவோ, அவ்விகிதமே இத்துண்டுகளுக்கும் சென்றிருக்கிறது. ஆயினும் எடைக்குப் போடும்போது உழைப்புக்கு விலையில்லை, கழிவுக்கே விலை.

இத்துண்டுகளை ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்துக் கட்டங்களாக்கி, கட்டங்களைச் சேர்த்துப் போர்வையாகத் தைப்பது ஒரு நல்ல கைத்தொழில். சேலத்துச் சமவெளியில் தறி. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், ஏற்காட்டின் குளிர். கீழே எஞ்சும் துணிக்கு மேலே தேவை இருக்கிறது. 1820-களில் சேலத்தின் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைக் கொணர்ந்ததாகச் சொல்வர். அன்று முதல் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களே இம்மலையின் குளிர் மாதங்களுமாகும். பழம் பறித்துத் திரும்பும் குடும்பத்துக்குத் தடித்த போர்வையின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எனினும், இத்தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. போர்வைக்குத் தேவையான கட்டங்களைவிடச் சில கட்டங்கள் எப்போதும் கூடுதலாகத் தைக்கப்பட்டுவிடும். அவற்றை என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு தகரப்பெட்டியின் கதை

சென்ற ஆண்டு பழம் பறிப்பு முடிந்தபின், மலைமேலுள்ள நம் தையற்பகுதியின் தகரப்பெட்டியைத் திறந்து இருப்புக் கணக்கு எடுத்தோம். அதில் 64 கட்டங்கள் இருந்தன. ஒரு போர்வைக்கு 35 கட்டம் வேண்டும். சில கெட்டுப்போகலாம் என்றெண்ணி ஒவ்வொரு முறையும் 40 கட்டம் தைக்கச் சொல்லியிருந்தோம். எஞ்சியவை பெட்டிக்குள் சென்றன. கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபோது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. கூலியானது முடிந்த போர்வைக்கென்று பங்கிடப்பட்டிருந்ததால், பெட்டிக்குள் போன கட்டங்களுக்குக் கூலியே கொடுக்கப்படவில்லை.

இது எவரும் வேண்டுமென்று செய்த பிழையன்று. ஆனால் பிழை பிழையே. அது நிர்வாகத்தில் இருந்த நம்முடையது. கட்டங்களின் பின்புறத்தில் தைத்தவர் குறி எதுவும் இல்லை. ஆகவே அவற்றைப் பாயில் பரப்பி, தையற்பெண்களையே பார்க்கச் சொன்னோம். தையலின் நெருக்கத்தையும் நூலை முடிந்திருக்கும் விதத்தையும் கண்டு, அவரவர் கட்டங்களை அவரவர் பிரித்தெடுத்தனர். ஒரு கட்டத்துக்கும் இருவர் வழக்காடவில்லை. கூலி தீர்க்கப்பட்டது. இனி அக்கட்டங்களை விலைக்கோ பயனுக்கோ கொண்டுவரும் பொறுப்பு சங்கத்தினுடையதாயிற்று.

அளவு ஏன் பிசகுகிறது?

முதலில் அவற்றை அளந்தோம். 12½ அங்குலம் இருக்கவேண்டிய கட்டங்களுள் 41 மட்டுமே சரியாக இருந்தன. 15 கட்டங்கள் சிறுத்திருந்தன. எஞ்சிய 8-இல் சிவப்புச் சாயம் அருகிலிருந்த வெள்ளைத் துணியில் இறங்கியிருந்தது. இவ்விரு குறைகளுக்கும் காரணம் அறிந்தால் எஞ்சும் கட்டங்கள் தாமே குறையும்.

நாம் தைப்பது ஒன்பது சதுரக் கட்டம். 4½ அங்குலச் சதுரங்கள் ஒன்பதை, வரிசைக்கு மூன்றாக இணைத்தால் கட்டம் 12½ அங்குலம் வரும். நான்கு புறமும் அடுத்த கட்டத்தோடு சேர்ந்தபின் 12 அங்குலமாக நிற்கும். அகலத்தில் ஐந்தும் நீளத்தில் ஏழுமாக 35 கட்டங்கள் சேர்ந்தால் 60 அங்குல அகலமும் 84 அங்குல நீளமும் உள்ள போர்வை கிடைக்கும்.

தையலுக்கு விடும் ஓரம் எங்கும் கால் அங்குலமே. அதில் ஒரு வீசம், அதாவது அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு, கூடிவிட்டால் என்ன என்று தோன்றும். ஒரு தையலில் இரண்டு துணியும் வீசம் வீசமாகக் குறையும். ஆக அரைக்கால் அங்குலம் போயிற்று. ஒரு கட்டத்தின் குறுக்கே இரண்டு தையல். ஆகவே கால் அங்குலம் போயிற்று. ஐந்து கட்டங்களுக்கு 1¼ அங்குலம். வீசத்தில் தொடங்கிய பிசகு போர்வையின் ஓரத்தில் கோணலாக வந்து நிற்கிறது.

மற்றொரு காரணம் அளவு அட்டை. காகித அட்டையை வைத்துக் கத்தரித்தால் அதன் ஓரம் நாளடைவில் தேய்ந்து சிறுக்கும். அட்டைக்குப் பதிலாக முன்பு வெட்டிய துணியையே அளவாக வைத்து வெட்டினால், சதுரம் சிறிது சிறிதாகப் பெருகும். ஆதலின் தகரத்திலோ மெல்லிய பலகையிலோ ஓர் அளவு செய்து, எல்லார்க்கும் அதே அளவைக் கொடுத்தல் வேண்டும். வெட்டும்போது பாவும் ஊடையும் செல்லும் நேர்வாக்கிலேயே வெட்டுதல் வேண்டும். சாய்வாக வெட்டிய ஓரம் இழுபட்டு நீளும்.

இனிச் சாயம். 1960-களில் சாயம் கழலும் மதராஸ் கட்டத்துணி அமெரிக்காவில் அக்குணத்தினாலேயே பெயர் பெற்று விற்றது. துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றிலொன்று கலந்ததை அங்குள்ளவர் அழகென்று கொண்டனர். பல கட்டத்துணிகளை வெட்டி இணைத்த ஒட்டுத்துணிச் சட்டைகளும் அங்கே வழக்கத்துக்கு வந்தன. சட்டையில் அழகானது வெள்ளை கலந்த போர்வையில் கறையாகும். ஆகவே துண்டுகளை வெட்டுவதற்கு முன்பே நீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, உலர்த்தி, இஸ்திரி போடுதல் வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, நிறம் ஒட்டினால் அத்துண்டைத் தனியே ஒதுக்குக. சுருங்குவது முன்பே சுருங்கிவிடுவதால் அளவும் நிலைக்கும்.

சதுரம் மிகச் சிறிதாயிருப்பதும் சிக்கனமன்று. 4 அங்குலச் சதுரங்களாலான கட்டத்தில், வெட்டிய துணியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தையலுக்குள் மறைகிறது. அதே கட்டத்தை 2 அங்குலச் சதுரங்களால் அமைத்தால் 36 துண்டு வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துவிடும். நூலும் நேரமும் அவ்வாறே பெருகும்.

பிறர் செய்த வழிகள்

துண்டுத்துணியை மதிப்புள்ள பொருளாக்குதல் நம் நாட்டுக்குப் புதிதன்று. தஞ்சை, திருவாரூர்ப் பகுதிகளில் தேருக்குத் தொங்கவிடும் தொம்பைகளும் தேர்ச்சீலைகளும் பல நிறத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்தே செய்யப்படுகின்றன. வங்காளத்துக் காந்தா, பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டதில் பிறந்தது.

கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப்பெண்கள் தைக்கும் கவண்டி என்னும் போர்வை நம் கவனத்துக்குரியது. அவர்கள் தனித்தனிக் கட்டம் தைப்பதில்லை. அடித்துணியை விரித்து, ஓரத்தில் தொடங்கி, கிடைத்த துண்டுகளை வரிசையாக வைத்துத் தைத்துக்கொண்டே நடுவை நோக்கி வருகின்றனர். இணைப்பதும் மெத்தைத் தையலும் ஒரே வேலையாக முடிகின்றன. கட்டமே இல்லாததால் எஞ்சும் கட்டமும் இல்லை. ஆயினும் ஒரு போர்வையைப் பல வீடுகளில் பிரித்துத் தைக்க வேண்டிய நமக்குக் கட்டமுறையே வசதி. ஆதலின் எஞ்சுவதை நாம்தான் கவனித்தாக வேண்டும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 1966-இல் கறுப்பினப் பெண்கள் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்னும் போர்வைத் தையல் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். அவர்களிற் பலர் வயல் வேலை செய்த ஏழைகள். 1972-இல் சியர்ஸ் என்னும் பெரிய கடைக்கு, வரிவரியான கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைக்கும் வேலை சங்கத்துக்குக் கிடைத்தது. கடைக்கு வேண்டியது ஒரே அச்சான உறை. ஆனால் அதில் எஞ்சிய துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று, தம் மனம் போனவாறு போர்வைகள் தைத்தனர். ஜீஸ் பெண்ட் என்னும் அவ்வூர்ப் பக்கத்துப் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006-இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றின் படங்களைத் தபால்தலைகளாக வெளியிட்டது. அச்சங்கம் 2012-இல் முடிவுற்றது. அதன் எஞ்சிய துணியில் பிறந்த போர்வைகளோ இன்றும் போற்றப்படுகின்றன.

நம் 64 கட்டங்கள்

சரியான அளவுள்ள 41 கட்டங்களுள் 35-ஐக் கொண்டு ஒரு முழுப் போர்வை தைத்தோம். நிறங்கள் ஒத்துவரவில்லை என்ற கவலையைப் போக்க, ஒவ்வொன்றையும் நெடுக்கும் குறுக்குமாக நடுவே வெட்டி நான்காக்கினோம். கால்பாகங்களைத் திருப்பியும் வேறு கட்டத்தின் பாகங்களோடு மாற்றியும் மீண்டும் இணைத்தபோது, பொருந்தாத நிறங்கள் எங்கும் பரவிப் பொருந்திவிட்டன. இவ்வாறு செய்தால் 12½ அங்குலக் கட்டம் 12 அங்குலமாகக் குறையும் என்பதை மறத்தலாகாது. போர்வையும் அவ்வளவுக்குச் சிறுக்கும்.

எஞ்சிய 6 கட்டங்களை இரண்டிரண்டாக இணைத்து, இடையே பஞ்சு வைத்துத் தைத்து வளைத்தால் தூக்குவாளிக்கு உறையாகிறது. தோட்டத்துக்குக் கொண்டுபோகும் காப்பி சூடு ஆறாதிருக்கும். மூன்று உறைகள் கிடைத்தன.

சிறுத்திருந்த 15-இல் 12-ஐ எடுத்து, நான்கு புறமும் 2½ அங்குல அகலப் பட்டை சேர்த்து, பின்பு எல்லாவற்றையும் 14½ அங்குலமாக ஒரே அளவில் வெட்டினோம். சிறிதும் பெரிதுமான கட்டங்களை ஒப்பாக்க இதைவிட எளிய வழியில்லை. மூன்றுக்கு நான்காக இணைத்தபோது 42 அங்குலத்துக்கு 56 அங்குலத்தில் குழந்தைப் போர்வை ஒன்று அமைந்தது. மீதி மூன்றும் திண்டு உறைகளுக்கு முகமாயின.

சாயம் இறங்கிய 8 கட்டங்களை விலைக்கு வைப்பது நேர்மையன்று. ஐந்தை நான்கு நான்காக வெட்டி, பழந்துணி உள்வைத்து, சமையலறைக் கரித்துணியாக்கினோம். மூன்றைத் தடிக்க மடித்துத் தைத்து, சுமைதூக்கும் அங்கத்தினர்க்குச் சும்மாடாகக் கொடுத்தோம்.

நடுவில் வைப்பது பற்றி ஒரு சொல். இலவம்பஞ்சு தலையணைக்கு ஏற்றது, போர்வைக்கு ஆகாது, துவைத்தால் திரண்டு கட்டியாகும். அடித்துப் பரப்பிய பருத்திப் பஞ்சோ, நன்கு துவைத்த பழைய சேலை இரண்டு மடிப்போ போதும். ஓட்டுத்தையல் நெருக்கமாகச் சென்றால் பஞ்சு நகராது.

கணக்கும் கடமையும்

அங்கத்தினர்கள் இனி நான்கு ஏற்பாடுகளைக் கைக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, கட்டத்தை ஒப்படைத்த அன்றே அளந்து ஏற்று, கட்டத்துக்கென்றே கூலி எழுதுதல். போர்வை முடியும்வரை எவரும் காத்திருக்கலாகாது. இரண்டு, கட்டத்தின் பின்புறத்தில் தைத்தவர் தம் குறியை நூலாலேயே இடுதல். மூன்று, காப்பி பறிப்பு ஓய்ந்த மாசி, பங்குனி மாதங்களில் ஆண்டுதோறும் பெட்டியைத் திறந்து எஞ்சியவற்றைப் பொருளாக்குதல். மே மாதக் கோடை விழாவுக்கு வரும் வெளியூரார் வாங்குவர். நான்கு, கட்டமாகாத சிறு துண்டுகளைத் தைத்தவர்க்கே விட்டுவிடுதல். அவற்றால் அவர் வீட்டில் ஒரு தடுக்கோ போர்வையோ உண்டானால் அது சங்கத்துக்கு நட்டமன்று.

சங்கத்தின் பெட்டியில் தூங்கும் சரக்கு தூங்கும் முதலாகும். கூலி கொடாமல் தூங்கும் சரக்கோ கடனாகும். முன்னதைத் தீர்க்கக் கத்தரியும் ஊசியும் போதும். பின்னதைத் தீர்க்கக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் மனம் வேண்டும். நம் 35 கட்டப் போர்வை சென்ற கோடையில் விற்றது. குழந்தைப் போர்வையை விற்கவில்லை. அதைத் தைத்த பெண்கள் தங்களுள் ஒருத்தியின் பேறுகாலத்துக்கென்று கேட்டனர். நிர்வாகக் குழு ஒருமனதாக இசைந்தது.

ஒவ்வொரு சங்கமும் தன் பரணிலுள்ள பெட்டியை இம்மாதமே ஒருமுறை திறந்து பார்க்குமாக.