கடைவீதியும் வணிகரின் பொது நிதியும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் இந்துமாகடலை நோக்கி அமைந்திருக்கும் மீன்பிடிக் கிராமம் கண்டக்குழி. அதற்குக் கிழக்கே புத்தளக் களப்பு பரந்து கிடக்கின்றது. வாடைக்காலத்திற் கடல் அமைதியடையும்போது இக்கரையில் தொழில் பெருகும். சோழகக் காற்று எழுந்துவிட்டால் அலை மிகும். படகுகள் பல கரையேறிவிடும். மீனும் கருவாடும் பனிக்கட்டியும் வலையும் எரிபொருளும் இக்கரையூர்களின் வாணிபத்துக்கு ஆதாரமானவை. அண்மைக் காலத்திலே ஓங்கில்களைக் காணவும், காற்றாடியைப் பற்றிக்கொண்டு நீர்மேற் சறுக்கி விளையாடவும் பிற நாட்டவரும் இப்பக்கம் வருகின்றனர். கற்பிட்டிக்கு அப்பால் உள்ள பவளப்பாறைத் திட்டு 1992ஆம் ஆண்டிற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

ஆட்கள் கூடும் இடத்திலே கடைகள் தோன்றும். கடைகள் பெருகிய இடத்திலே ஒரு கேள்வியும் தோன்றும். ஒவ்வொரு கடைக்காரரும் தம் கடையின் உட்புறத்தைக் கூட்டி மெழுகித் துப்புரவாக வைத்திருக்கின்றார். ஆனால், இரு கடைகளுக்கும் இடையே தேங்கி நிற்கும் மழைநீர் யாருடையது? மீன் கழுவிய நீர் ஓட வேண்டிய வடிகால் யாருடையது? இருட்டிலே மீன் வாங்க வருபவருக்கு வழிகாட்ட வேண்டிய விளக்கு யாருடையது? விடியுமுன்னே கூடையுடன் வந்து, வெயில் ஏறும்வரை கரையில் அமர்ந்திருக்கும் பெண்களுக்கு வேண்டிய மலசலகூடத்தை யார் கட்டுவது?

இவை யாவும் பிரதேச சபையின் கடமை என்பது முதலில் வரும் விடை. அந்த விடை தவறன்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வீதி, சந்தை, சுகாதாரம் ஆகிய பொறுப்புகளை அச்சபைகளிடம் ஒப்படைத்துள்ளது. எனினும் ஒரு சபையின் ஆளுகையில் பல கிராமங்கள் உள்ளன. அதன் வருவாயோ அளவுக்குட்பட்டது. எல்லாக் கிராமங்களின் தேவையையும் ஒரே ஆண்டில் நிறைவேற்றுதல் அரிது. ஆகவே, சபை செய்யும் அடிப்படைப் பணிக்கு மேலாக, கடைவீதியினால் நேரடியாகப் பயனடையும் வணிகர்களே கூடி ஒரு பொது நிதி திரட்டி அவ்விடத்தைத் திருத்திக்கொள்ளலாமா என்னும் எண்ணம் பல நாடுகளிலும் எழுந்துள்ளது.

இவ்வெண்ணம் மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று கருதுதல் பொருந்தாது. தமிழ் வணிகர் இதனைப் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தனர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர், நானாதேசிகள் என்னும் வணிக கணங்கள் தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் செயற்பட்டன. ஈழத்தில் வாகல்கடை, பதவியா முதலிய இடங்களிற் கிடைத்த தமிழ்ச் சாசனங்கள், ஐந்நூற்றுவரின் பாதுகாப்பில் இருந்த வீரபட்டினங்களைப்பற்றிய செய்திகளைத் தருகின்றன. இன்றைய சிவகங்கை மாவட்டத்திலுள்ள பிரான்மலையில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று உண்டு. பல பட்டினத்து வணிகர் கூடி, உப்பு, நெல், மிளகு, பாக்கு, இரும்பு, பருத்தி, நூல் முதலான பண்டங்களின்மீது அளவு வரையறுத்து, ஒரு சிறு பங்கைக் கோயிலுக்கு விட்டுக்கொடுத்ததை அது கூறுகின்றது. இத்தகைய கொடைக்குப் பட்டணப்பகுதி என்று பெயர். அரசன் விதித்த வரியன்று அது. வணிகர் தாமே தமக்கு விதித்துக்கொண்ட வரி.

பிற்காலத்தில் இவ்வழக்கம் மகமை என்னும் பெயரால் நிலைபெற்றது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, தமிழ்நாட்டின் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலே காணப்படுகின்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாடார் வணிகர்கள் கருப்பட்டியையும் கருவாட்டையும் உப்பையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு வடக்கே சென்றனர். வழியிலே கள்வர் பயம் மிகுதி. இரவிலே வண்டிகளும் மாடுகளும் சரக்கும் பத்திரமாகத் தங்குவதற்கு மதில் சூழ்ந்த இடம் வேண்டியிருந்தது. அவ்வாறு எழுந்தவையே பேட்டைகள். விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஊர்களில் அவை வளர்ந்தன. பேட்டையைப் பயன்படுத்திய ஒவ்வொருவரும் தம் வணிகத்தின் அளவுக்கு ஏற்ப ஒரு சிறு தொகை செலுத்தினர். அத்தொகையே மகமை. அதனை உறவின்முறை என்னும் சபை பேணிச் செலவிட்டது.

இங்கே கவனிக்கத்தக்கது யாதெனின், நிதியின் நோக்கம் படிப்படியாக விரிந்த முறையாகும். முதலில் மதிலும் கிணறும், பின்னர்க் கோயில், அதன் பின்னர்ப் பள்ளிக்கூடம். 1923ஆம் ஆண்டில் விருதுநகர் எனப் பெயர் மாற்றம் பெற்ற விருதுபட்டியிலே, 1889ஆம் ஆண்டில் சத்திரிய வித்தியாசாலை இத்தகைய பொதுப் பணத்தைக்கொண்டு தொடங்கப்பெற்றது. வீடுதோறும் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே ஒதுக்கி அப்பள்ளிக்குக் கொடுக்கும் வழக்கமும் அவ்வூரில் இருந்தது. பிற்காலத்தில் தமிழ்நாட்டின் முதலமைச்சராக விளங்கிய காமராசர் அப்பள்ளியிற் பயின்றவர். மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்த சில்லறைக் காசு, ஒரு தலைமுறைக்குள் கல்விச்சாலையாக நிமிர்ந்தது.

இனி, மேனாட்டு அநுபவத்தையும் நோக்குதல் நன்று. கனடா நாட்டின் தொறொன்ரோ மாநகரிலே புளூர் வீதியின் மேற்குப் பகுதியில் ஒரு கடைத்தெரு இருந்தது. 1968ஆம் ஆண்டில் நிலக்கீழ்ப் புகைவண்டிப் பாதை அப்பகுதிக்கு நீட்டப்பட்டது. முன்பு டிராம் வண்டியில் கடைகளைப் பார்த்துக்கொண்டே சென்ற மக்கள் நிலத்துக்கு அடியிற் போகலாயினர். புறநகரிலே எழுந்த பெரிய அங்காடி மண்டபங்களும் வாடிக்கையாளரை ஈர்த்தன. வணிகர்கள் விளக்குப் போடவும் மரம் நடவும் இருக்கை அமைக்கவும் விரும்பினர். ஆனால், விரும்பியவர் கொடுக்கும் நன்கொடையினால் அது நிறைவேறவில்லை. சிலர் கொடுத்தனர், சிலர் கொடாமலே பயனடைந்தனர். ஆகவே, வணிகர்கள் நகரசபையை அணுகினர். மாகாண அரசு சட்டத்தைத் திருத்தியது. 1970ஆம் ஆண்டில், அவ்வெல்லைக்குள் உள்ள எல்லா வணிக நிலையங்களிலிருந்தும் நகரசபையே மேலதிகக் கட்டணத்தை வரியுடன் சேர்த்து அறவிட்டு, வணிகரின் நிர்வாகக் குழுவிடம் திருப்பிக் கொடுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. உலகில் இவ்வகையில் அமைந்த முதல் வட்டாரம் அதுவேயாகும். இன்று அந்நகரில் மட்டும் இத்தகைய வட்டாரங்கள் எண்பதுக்கு மேல் உள்ளன.

நன்கொடை ஏன் போதாதாயிற்று? ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். ஒரு கடைவீதியில் 60 கடைகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். வடிகால் அமைக்க 6 இலட்சம் ரூபா வேண்டும். எல்லோரும் சேர்ந்தால் ஆளுக்கு 10,000 ரூபா. இருபது பேர் விலகிக்கொண்டால், எஞ்சிய நாற்பது பேரும் ஆளுக்கு 15,000 ரூபா கொடுக்க வேண்டும். வடிகால் அமைந்தபின், கொடாதவர் கடைவாசலில் மட்டும் வெள்ளம் நிற்குமா? நில்லாது. அவருக்கும் அதே நன்மை கிடைக்கின்றது. இதனைக் கண்டு, அடுத்த முறை கொடுத்தவரிலும் சிலர் பின்வாங்குவர். அப்போது பங்கு மேலும் உயரும். மேலும் சிலர் விலகுவர். இறுதியில், எல்லோருக்கும் தேவையான வடிகாலை எவரும் கட்டாத நிலை வந்து சேரும். கொடாதவர் யாவரும் தீயவர் அல்லர். ‘பிறர் கொடாதபோது நான் மட்டும் ஏன் கொடுப்பது?’ என்ற ஐயமே பெரும்பாலோரைத் தடுக்கின்றது. அந்த ஐயத்தை அகற்றுவதே பொது நிதியின் முதல் வேலை.

இந்த ஐயத்தை உறவின்முறையார் சமூகக் கட்டுப்பாட்டினால் அகற்றினர். தொறொன்ரோ வணிகர் சட்டத்தினால் அகற்றினர். சட்டம் கட்டாயப்படுத்துமாயின், அக்கட்டாயத்துக்கு இணக்கம் இருத்தல் வேண்டும். இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் இதற்கு ஓர் ஒழுங்கை வகுத்தது. வணிகரிடையே வாக்கெடுப்பு நடத்தவேண்டும். வாக்களித்தவருள் பெரும்பான்மையோர் ஆதரித்தால் மட்டும் போதாது. ஆதரித்தவர்களின் கட்டட வரிமதிப்பும் எதிர்த்தவர்களின் மதிப்பைவிட மிகுந்திருத்தல் வேண்டும். இதனால், பெருங்கடைகள் சில சேர்ந்து சிறுகடைகள் பலவற்றின்மீது சுமையேற்ற இயலாது. சிறுகடைகள் பல சேர்ந்து பெருங்கடைகளின்மீது மட்டும் சுமத்தவும் இயலாது. அன்றியும், ஒரு முறை கிடைத்த இணக்கம் ஐந்து ஆண்டுகளுக்குமேற் செல்லாது. அதன்பின் மீண்டும் வாக்குக் கேட்கவேண்டும். பணத்தை நன்கு செலவிடாத குழு அப்போது விடைகொடுத்தனுப்பப்படும்.

இம்முறையில் நன்மைகள் மட்டும் உள்ளன என்று கூறுவது நேர்மையாகாது. மூன்று இடர்கள் உண்டு. முதலாவது, சபை தன் கடமையிலிருந்து நழுவிவிடக்கூடும். ‘வணிகர் தாமே விளக்கேற்றிக்கொள்கின்றனரே’ என்று கருதி, சோலைவரி பெறும் சபை அவ்வீதியை மறந்துவிடலாம். ஆதலால், சபை தொடர்ந்து செய்யவேண்டியவை எவை, பொது நிதி மேலதிகமாகச் செய்பவை எவை என்பதை முதலிலேயே எழுத்தில் வைத்தல் அவசியம்.

இரண்டாவது, கடையின் சொந்தக்காரர் ஒருவராகவும் அதனை வாடகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவராகவும் இருத்தல் கூடும். வாடகைக்காரர் மாதந்தோறும் பணங் கொடுத்து வீதியை அழகுபடுத்துவார். வீதி அழகானதும் வாடகை உயரும். முடிவில் அவரே அவ்விடத்தை விட்டுப் போக நேரும். நிதியில் நிலச் சொந்தக்காரரும் தம் பங்கைச் செலுத்துமாறு செய்வதே இதற்குப் பரிகாரம்.

மூன்றாவது இடர் எல்லாவற்றிலும் பெரிது. கடைவீதியில் கதவும் பூட்டும் உள்ள கடைகள் மட்டும் வணிகஞ் செய்வதில்லை. சாக்கை விரித்துக் கருவாடு விற்பவரும், தலைச்சுமையாக மீன் எடுத்துச் செல்பவரும், துவிச்சக்கரவண்டியில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்பவரும் அங்கு உளர். திருத்தம் என்ற பெயரால் முதலில் அகற்றப்படுவோர் பெரும்பாலும் இவர்களே. உலகின் பல நகரங்களில் நடைபாதை வணிகருக்கும் இத்தகைய வட்டாரக் குழுக்களுக்கும் இடையே வழக்கும் பூசலும் எழுந்துள்ளன. கட்டணம் கொடுத்தவருக்கே சொல் உண்டு என்றால், கொடுக்க இயலாதவரின் குரல் எங்கே கேட்கும்? கருவாடு காயவைக்கும் ஒரு பெண், மாதம் ஒரு சிறு தொகையே கொடுக்கவல்லவராயினும், குழுவில் அவருக்கும் ஓர் இருக்கை இருத்தல் வேண்டும். மலசலகூடம் எங்கே அமையவேண்டும், தண்ணீர்க்குழாய் எங்கே வரவேண்டும் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் எவர்?

மகமையின் வரலாறும் இவ்விடத்தில் ஒரு படிப்பினையைத் தருகின்றது. உறவின்முறை ஒரே சமூகத்தின் அமைப்பு. பிறரால் ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு அவ்வொற்றுமை கேடயமாயிற்று. ஆனால், கற்பிட்டிக் குடாநாடு பல சமயத்தாரும் பல மொழியாரும் கலந்து வாழும் நிலம். 1990ஆம் ஆண்டில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலரும் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். இத்தகைய ஊரிலே பொது நிதி ஒரு குலத்தின் பெயராலோ ஒரு சமயத்தின் பெயராலோ எழுமாயின், அது வீதியை இணைப்பதற்குப் பதிலாகப் பிளந்துவிடும். நிதி இடத்துக்கு உரியதாக இருத்தல் வேண்டும். ஆளுக்கு உரியதாக அன்று. அவ்வீதியிற் கடை வைத்திருப்பவர் எவரோ, அவரே அதன் உறுப்பினர்.

கண்டக்குழி போன்ற ஒரு கரையூரில் இத்தகைய முயற்சி எவ்வாறு தொடங்கலாம்? பெருந்தொகையுடன் தொடங்கவேண்டுவதில்லை. எல்லோர் கண்ணுக்கும் தெரிகின்ற, எல்லோருக்கும் பயன்படுகின்ற ஒரே ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளலாம். அது வடிகாலாக இருக்கலாம், விளக்காக இருக்கலாம். பங்கின் அளவு கடையின் வருவாய்க்கு ஏற்ப அமைதல் நன்று. சோழகக் காலத்தில் தொழில் மந்தமாக இருக்கும். ஆகவே, மீன்பாடு மிகுந்த மாதங்களில் கூடுதலாகவும், மற்ற மாதங்களிற் குறைவாகவும் வாங்கும் ஒழுங்கு கரையோர வாழ்க்கைக்குப் பொருந்தும். உப்புக்காற்று இரும்பை விரைவில் அரித்துவிடும் என்பதையும் மறத்தலாகாது. விளக்குக் கம்பத்தை நாட்டுவதற்குப் பணம் வைத்தவர்கள், அதனைப் பேணுவதற்கும் ஒரு பகுதியை ஒதுக்கவேண்டும். இல்லாவிடில், திறப்புவிழாவில் ஒளிர்ந்த விளக்கு அடுத்த மாரியில் அணைந்துவிடும். அதனுடன் மக்களின் நம்பிக்கையும் அணைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கணக்கு. வரவும் செலவும் மாதந்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டு, சந்தையின் வாயிலிலே எவரும் பார்க்கும்படி ஒட்டப்படுமாயின், ஐயத்துக்கு இடமில்லை. ஊர்ப் பொது நிதி அழிவதற்குப் பணம் போதாமை மட்டும் காரணமன்று. கணக்கு மறைவதே பல இடங்களில் முதற் காரணம்.

ஊர் கூடினாலன்றித் தேர் நகராது என்பர். அத்தேர் வடத்தில் வலிய கை ஒன்று முன்னே இருக்கலாம். மெலிந்த கை ஒன்று பின்னே இருக்கலாம். ஆனால், வடத்தைத் தொட்ட ஒவ்வொரு கைக்கும் தேரில் உரிமை உண்டு. கடைவீதியின் பொது நிதியும் அவ்வாறே. பெருங்கடைக்காரரின் ஆயிரமும் கருவாட்டுக்காரியின் பத்தும் ஒரே பேரேட்டில் எழுதப்படும்பொழுது, வீதி எவரேனும் ஒருவருடையது என்ற நிலை மாறி, எல்லோருடையதும் ஆகின்றது.