ஓடத்துக்குப் பெயர் பாதை

இக்கரையில் ஏற்றி அக்கரையில் இறக்கிவிடும் கலத்துக்குத் தமிழில் ஓடம், தோணி, அம்பி, பரிசல் எனப் பல பெயர்கள் இருப்பினும், இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கரைத் தமிழர் அதனை வழங்கும் பெயர் 'பாதை' என்பதாகும். வாவிக்குக் கிழக்கே கடலையொட்டிய எழுவான்கரைக்கும் மேற்கே வயல்கள் விரிந்த படுவான்கரைக்கும் இடையில், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் ஆட்களோடு மோட்டார் சைக்கிள்களையும் சுமந்து செல்லும் அகன்ற, தட்டையான மிதவையே அது. நீர்விளிம்பில் அறுந்த சாலையின் ஒரு துண்டு கழன்று மிதப்பது போன்ற அதன் தோற்றத்துக்கு அந்தப் பெயர் கச்சிதமாகவே பொருந்துகிறது. இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையிலும், மாநிலப் பட்டியலின் 13ஆம் பதிவு சாலை, பாலம், ஓடம் ஆகியவற்றை ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறது.

மேற்குக் கரையோரம் மலையாளத்தில் ஓடம் ஏறும் இடம் 'கடவு'. ஆளை அக்கரை சேர்க்கும் தொழில் 'கடத்து'. இரண்டும் 'கட' என்னும் வினையடியிலிருந்து பிறந்தவை. அதே அடி தமிழில் கடவுச்சீட்டு என்று எல்லை தாண்ட இசைவு தருகிறது. கடத்தல் என்று வந்தாலோ சிறைக்கு அனுப்புகிறது.

எனினும் எல்லாவற்றையும்விட நெடுந்தூரம் பயணம் செய்த சொல் 'துறை'தான். நீரில் இறங்கவும் கரையேறவும் வாய்ப்பான இடம் என்பதே அதன் அடிப்படைப் பொருள். மயிலாடுதுறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை ஆகிய ஊர்ப்பெயர்களில் அது நிலைத்திருக்கிறது. பழம்பாடலில் பேசப்படும் சூழலைக் குறிக்கும் இலக்கணச் சொல்லாக அது மாறி, பின்னர் அறிவுப் பிரிவையும் அரசு அலுவலகத்தையும் குறிக்கலாயிற்று. காவல்துறையில் சேருபவருக்கு இன்று கால் நனைவதில்லை. வடமொழித் 'தீர்த்தம்' என்பதற்கும் ஆற்றைக் கடக்கும் துறை என்ற பொருள் உண்டு. பிறவிக்கடலைக் கடக்கத் துறை அமைத்துத் தந்தவர் என்னும் கருத்தில்தான் சமணர் தம் அருகர்களைத் தீர்த்தங்கரர் என்றனர்.

ஒகேனக்கல் காவிரியில் ஓடும் பரிசலோ வடிவத்தால் தனித்து நிற்பது. மூங்கிற் பிளாச்சுகளைக் கூடைபோல் முடைந்து, முன்பு தோலும் இப்போது தாரும் பிளாஸ்டிக் விரிப்பும் கொண்டு அடிப்புறத்தை மூடுகின்றனர். முன்புறம் பின்புறம் என்ற பேதமற்ற இவ்வட்டக் கலம் நின்ற இடத்திலேயே சுழல முற்படுவதால், பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பை முன்னால் வலித்தே அதனை நேர்செலுத்துகிறார். கரை சேர்ந்ததும் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடந்துவிடுகிறார்.

மட்டக்களப்பில் மண்முனைப் பாதை ஓடிய இடத்தில் 2014இல் பாலம் திறக்கப்பட்டது. மண்முனைத்துறை என்ற பெயர் மட்டும் அங்கேயே இருக்கிறது.