கண்வழி வரும் முதல் மொழி: காது கேளாக் குழந்தைகளின் பாலர் வகுப்புத் தொடக்கம்

முன்னுரை

மொழி வாயில் பிறந்து செவியில் சேர்வது என்றே நாம் பொதுவாகக் கருதி வருகிறோம். தாய்மொழி என்னும் சொல்லே தாலாட்டையும் தாயின் பேச்சையும் நினைவூட்டுகிறது. ஆயினும் அத்தாலாட்டைக் கேளாமலே வளரும் குழந்தைகளும் நம்மிடையே உள்ளனர். பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, காது கேளாமையால் எம்மொழியும் முழுமையாக வந்தடையாத நிலையில், ஐந்து அகவையில் பாலர் வகுப்பின் வாயிலுக்கு வரும் குழந்தைக்கு ஆசிரியர் முதலில் அளிக்க வேண்டியது யாது? எழுத்தா, எண்ணா, பேச்சா? இம்மூன்றற்கும் முன்னதாக அக்குழந்தைக்கு ஒரு மொழி வேண்டும் என்பதே நாம் இங்கு நிறுவ முற்படும் கருத்து. பள்ளியாண்டின் முதல் வாரங்களை முன்வைத்து அதனை விளக்குவோம்.

மொழி ஏன் பிந்துகிறது?

காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். பெற்றோர் பேசுகின்றனர், குழந்தைக்கு அப்பேச்சு எட்டுவதில்லை. குழந்தை கையாலும் முகத்தாலும் உணர்த்துகிறது. அதனை ஒரு மொழியாக வளர்த்தெடுக்கும் வழி பெற்றோருக்குத் தெரிவதில்லை. இருபுறமும் அன்பு குறைவற நிறைந்திருக்க, மொழி மட்டும் இடையில் இல்லாது போகிறது.

இதழ்களைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளலாமே என்று சிலர் கேட்பர். இதற்கு நம் இலக்கணமே விடை தருகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் ஒவ்வோர் எழுத்தும் வாயினுள் எவ்விடத்துப் பிறக்கிறது என்று வகுத்துரைக்கிறது. பகரமும் மகரமும் இதழ் இரண்டும் கூடுவதால் பிறப்பவை. ஆகவே பார்ப்பவர் கண்ணுக்கு அவை ஒன்றே. லகர ளகரங்களின் வேறுபாடு நாவின் நிலையில் உள்ளது. அது வாய்க்குள் மறைந்திருக்கிறது. எனவே பள்ளி, பல்லி, மல்லி என்னும் மூன்று சொற்களும் இதழ்களில் ஏறத்தாழ ஒரே வடிவில் தோன்றும். ஏற்கெனவே தமிழ் அறிந்த ஒருவர் சூழலைக்கொண்டு இவற்றைப் பிரித்தறியக்கூடும். மொழியே அறியாத குழந்தை எதனைக்கொண்டு பிரிக்கும்? இதழ் வாசிப்பு மொழியறிவுக்குத் துணையாகுமேயன்றி, மொழியறிவைப் படைக்கும் வித்தாகாது.

செவித்துணைக் கருவிகளும் செவிச்சுருள் உள்வைப்பும் பல குழந்தைகளுக்குப் பெரும் பயன் அளிக்கின்றன. எனினும் அப்பயன் குழந்தைக்குக் குழந்தை வேறுபடுகிறது. கருவி பொருத்தப்பெற்ற அகவையைப் பொறுத்தும் அது மாறுகிறது. குறைபாடு பிறந்து ஆறு மாதங்களுக்குள் கண்டறியப்பெற்ற குழந்தைகள் மொழியில் தெளிவாக முன்னிற்பதை யோஷினாகா இத்தானோ குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. மேபெரி குழுவினரின் 2002ஆம் ஆண்டு ஆய்வு இன்னொரு செய்தியைத் தந்தது. இளமையிலேயே சைகை மொழியைப் பெற்ற காது கேளாதோர் பின்னாளில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக நன்கு கற்றனர். இளமையில் எம்மொழியும் பெறாதோர் அவ்வாறு கற்க இயலாது இடர்ப்பட்டனர். முதல் மொழி இரண்டாம் மொழிக்குத் தடையாவதில்லை; அதற்கு அடித்தளமாகிறது.

சைகை மொழி ஒரு மொழியே

கைகளை அசைப்பது வெறும் குறிப்புணர்த்தல் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, பள்ளிகளில் பேச்சுப் பயிற்சிக்கே முதன்மை தந்து சைகையை விலக்குமாறு தீர்மானித்தது. 1960இல் வில்லியம் ஸ்டோக்கி என்னும் மொழியியலாளர் அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து, கையின் வடிவம், அது நிற்கும் இடம், அதன் அசைவு ஆகிய கூறுகள் எழுத்தொலிகளைப்போல் இணைந்தே ஒவ்வொரு சொல்லும் அமைகிறது என்று காட்டினார். முகக்குறிப்பும் அங்கே இலக்கணமாகிறது. புருவம் உயர்வதும் தாழ்வதும் வாக்கியத்தை வினாவாக்குகின்றன. பரதநாட்டிய முத்திரைகளை இதனோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. முத்திரை கலைக்குரியது; சைகை மொழி நாளும் உரையாடும் மக்களுக்குரியது. உலகிற்கெல்லாம் ஒரே சைகை மொழி என்பதும் இல்லை. இந்தியச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை இரு கைகளால் காட்டுவர். மலேசியச் சைகை மொழியில் ஒரு கையே போதும்.

நம் நாட்டில் காது கேளாதோருக்கான முதற்பள்ளி 1954இல் பினாங்கில் தொடங்கப்பெற்றது. வகுப்பறையில் பேச்சுப் பயிற்சியே நடந்தது; வகுப்பறைக்கு வெளியே மாணவர்கள் தமக்குள் ஒரு சைகை மொழியை வளர்த்துக்கொண்டனர். அதுவே பினாங்குச் சைகை மொழி எனப்படுகிறது. பேச்சு, சைகை, எழுத்து அனைத்தையும் இணைக்கும் முழுமைத் தொடர்பு முறை 1970களின் பிற்பகுதியில் பள்ளிகளுக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக மலாய் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டும் கோட் தாங்ஙான் பஹாசா மலேசியா உருவாயிற்று.

இது மலேசியச் சைகை மொழியினின்றும் வேறானது. கோட் தாங்ஙான் மலாய்ச் சொற்களின் ஒட்டுகளையும் தனித்தனியே கையால் காட்டும். தமிழில் ஒவ்வொரு வேற்றுமை உருபையும் விகுதியையும் தனித்தனிச் சைகையாகக் காட்டுவதற்கு அதனை ஒப்பிடலாம். பஹாசா இஷாரத் மலேசியா எனப்படும் மலேசியச் சைகை மொழியோ காது கேளாதோர் சமூகத்தில் இயல்பாக வளர்ந்தது. தனக்கென இலக்கணம் உடையது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதனையே காது கேளாதோரின் அதிகாரத்துவ மொழியாக ஏற்றது. ஆகவே பாலர் வகுப்பில் சைகை மொழியைக் கேட்பது சலுகை கோருவதன்று. சட்டம் ஏற்ற ஒரு மொழியைக் கேட்பதாகும்.

முதல் நாளும் முதல் வாரங்களும்

பாலர் வகுப்பில் முதல் நாள் அழாத குழந்தைகள் குறைவு. காது கேட்கும் குழந்தையிடம், "அம்மா கடைக்குப் போயிருக்கிறார், பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவார்" என்று கூறித் தேற்றலாம். மொழியில்லாத குழந்தையிடம் இதனை எவ்வாறு கூறுவது? அக்குழந்தை அறிவதெல்லாம் அம்மா கதவுக்கு அப்பால் மறைந்துவிட்டார் என்பது மட்டுமே. திரும்பி வருவார் என்பது ஒரு கருத்து. கருத்தைக் கொண்டுசேர்க்க மொழி வேண்டும். மொழியின்மையின் முழுப் பாரத்தையும் ஆசிரியர் இவ்வழுகையில் காணலாம்.

இதற்குத் தேர்ந்த ஆசிரியர்கள் கையாளும் வழி படக் கால அட்டவணை. பையை மாட்டுதல், வட்டமாக அமர்தல், விளையாட்டு, உணவு, கதை என ஒவ்வொன்றிற்கும் ஒரு படத்தைச் சுவரில் வரிசையாக ஒட்டி, இறுதியில் அக்குழந்தையின் தாயுடைய நிழற்படத்தை வைக்கின்றனர். ஒரு வேலை முடிந்ததும் அதன் படத்தை அகற்றுகின்றனர். சில நாள்களில் குழந்தை தானே வரிசையைப் பார்த்து, தாயின் படத்திற்கு முன் இன்னும் எத்தனை படங்கள் உள்ளன என்று விரல் வைத்து எண்ணத் தொடங்கும். காலம், வரிசை, எதிர்பார்ப்பு ஆகியன அங்கே பிறக்கின்றன. ஒவ்வொரு படத்தோடும் உரிய சைகையும் நாள்தோறும் வருவதால் முதற்சொற்களும் அங்கேயே பிறக்கின்றன.

வகுப்பறையின் அமைப்பும் மொழிக்கு ஏற்றதாக வேண்டும். இருக்கைகள் அரைவட்டமாக இருந்தால் ஒவ்வொரு குழந்தையும் ஆசிரியரை மட்டுமன்றி மற்றக் குழந்தைகளின் கைகளையும் காணும். ஆசிரியர் சன்னலுக்கு முன்னே நின்றால் பின்னொளியில் முகம் இருண்டுவிடும். ஒளி அவர் முகத்தின்மீது விழ வேண்டும். அழைப்பதற்குத் தோளை மெல்லத் தொடலாம், கையசைக்கலாம், விளக்கை அணைத்து ஏற்றலாம். செவித்துணைக் கருவி அணிந்த குழந்தைகளுக்கு மின்விசிறியின் இரைச்சலும் சாலையின் ஓசையும் பேச்சை மறைக்கும். ஆதலால் இயன்றவரை அமைதியான அறையே தகும். காலைதோறும் கருவியின் மின்கலத்தைச் சோதித்து, ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ் என்னும் ஆறு ஒலிகளைக் கூறிக் குழந்தை எவற்றை உணர்கிறது என்று பார்ப்பது லிங் சோதனை எனப்படும். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை பேச்சின் பரப்பை இவ்வாறும் தொட்டுச் செல்கின்றன.

புதிய ஆசிரியர் பழக வேண்டிய இன்றியமையாத ஒழுக்கம் காத்திருத்தல். கேட்கும் குழந்தை படத்தைப் பார்த்துக்கொண்டே விளக்கத்தைக் கேட்கும். காது கேளாக் குழந்தைக்கோ படத்திற்கும் விளக்கத்திற்கும் கண் ஒன்றே வாயில். ஆகவே முதலில் படம், குழந்தை பார்த்து முடித்து நிமிர்ந்த பின்னரே சைகை, மீண்டும் படம். குழந்தை குனிந்திருக்கையில் காட்டிய சைகை சொல்லப்படாத சொல்லேயாகும்.

குழந்தை வெறுங்கையோடு வருவதில்லை என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். பாலுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என வீட்டிலே சில குறிப்புகள் வழங்கிவரும். அவற்றைப் பெற்றோரிடம் கேட்டு எழுதி வைத்தால் முதல் வாரத்திலேயே குழந்தையின் தேவையை அறியலாம். பின்னர் ஒவ்வொன்றோடும் மலேசியச் சைகையை இணைக்கலாம். வகுப்பில் காது கேளாத பெரியவர் ஒருவர் துணையாக இருப்பின் பயன் பன்மடங்கு. அவரிடமே குழந்தை சரளமான மொழியைக் காண்கிறது. தான் வளர்ந்தால் எவ்வாறு இருப்போம் என்பதையும் காண்கிறது.

தமிழ் இல்லமும் மூன்று மொழிகளும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்க் குழந்தைக்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ், சிறப்புக் கல்விப் பள்ளியில் பயிற்று மொழி மலாய், கைகளில் மலேசியச் சைகை மொழி. அண்ணனும் அக்காளும் தமிழ்ப்பள்ளிக்குச் செல்ல, இக்குழந்தை மட்டும் கோலாலம்பூர் ஜாலான் பீல் போன்ற சிறப்புக் கல்விப் பள்ளிக்குச் செல்லும் நிலை நேரலாம். சைகையைக் கற்றால் பிள்ளை தமிழை இழந்துவிடும் என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சத்தை நாம் எள்ளுதல் ஆகாது. மொழியைக் காத்துவந்த சமூகத்தின் அச்சம் அது. எனினும் எட்டாத மொழியை எவரும் இழப்பதில்லை. சைகையால் ஓர் உறவு வலுப்பெற்ற பின்னரே தமிழ் அக்குழந்தையை எட்ட முடியும்.

ஜனவரியில் பள்ளி தொடங்கும் ஆண்டுகளில் அதனை ஒட்டியே பொங்கல் வருகிறது. பானை பொங்குகிறது, எல்லார் வாயும் ஒருசேரத் திறக்கிறது, குழந்தை அனைவரையும் மாறி மாறிப் பார்க்கிறது. ஏன் இந்த மகிழ்ச்சி என்று அதற்குச் சொல்லுவார் இல்லையெனில், விழாவின் நடுவே அது தனித்தே நிற்கிறது. அரிசி, கதிரவன், நன்றி என்னும் மூன்று சைகைகளைத் தாய் அறிந்திருந்தால் அவ்விழா அக்குழந்தைக்கும் உரியதாகிவிடும். பண்பாடு ஒலியில் மட்டும் வாழ்வதன்று.

தமிழ் எழுத்தையும் நாம் கைவிட வேண்டியதில்லை. பையிலும் இருக்கையிலும் குழந்தையின் பெயரை ரூமியிலும் தமிழிலும் எழுதி ஒட்டலாம். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்னும் சொற்களை நிழற்படங்களின் கீழ் எழுதலாம். சைகையால் பொருளறிந்த குழந்தைக்கு எழுத்து ஒலியின் நிழலாக அன்றிப் பொருளின் வடிவாகவே வந்து சேரும்.

ஆசிரியர் கடன்

தமிழ்ப்பள்ளிகளின் பாலர் வகுப்பு ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. பின்னிருந்து அழைத்தால் திரும்பாமை, பிறர் செய்வதைப் பார்த்த பின்னரே தான் செய்தல், பேசுவோரின் வாயையே உற்று நோக்கல் ஆகியவற்றை அடம் என்றோ மந்தம் என்றோ முடிவு செய்யாமல், செவிப் பரிசோதனைக்கு அனுப்புமாறு பெற்றோருக்கு உணர்த்த வேண்டும். சொற்களிலும் நமக்குக் கவனம் வேண்டும். ஊமை என்னும் சொல் உண்மைக்கே மாறானது. காது கேளாதோர் பெரும்பாலார்க்குக் குரல்வளையில் குறையில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்னும் பழமொழியை வகுப்பில் எடுத்தாளும்போது, அச்சங்கினைக் கண்ணால் காணும் மாணவர் ஒருவர் எதிரே இருக்கக்கூடும் என்பதையும் நாம் எண்ண வேண்டும்.

சைகை மொழியைக் கற்பதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதும் இல்லை. பிரிக்பீல்ட்சில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. நெடுங்காலமாகக் காது கேளாதோருக்கான பணிகளையும் சைகை மொழி வகுப்புகளையும் நடத்தி வருகிறது. ஒரு பள்ளிக்கு ஓர் ஆசிரியரும், ஒரு குடும்பத்திற்குத் தாயோடு தந்தையும், இயன்றால் பாட்டனும் பாட்டியும் கற்றால், முதல் நாள் வகுப்பறை வாயிலில் "போய்வருகிறேன், மீண்டும் வருவேன்" என்று குழந்தையிடம் கூற முடியும். அவ்வொரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டு உள்ளே செல்லும் குழந்தையே கற்றலைத் தொடங்கிய குழந்தை.