கல்லடியில் மெத்தை, சேலை, கிட்டார்

செருப்பை வாசலில் விட்டுவிட்டு மெல்ல வாங்க. மட்டக்களப்புக் கல்லடியில், வாவிக்குக் கிட்ட, ஒரு பறங்கியர் வீட்டின் நடு அறைக்குள் நுழைந்துவிட்டோம்! தனிக் கிட்டார் இசை பதிவாகப்போகிறது. கட்டில் மெத்தை சுவரில் சாய்ந்து நிற்கிறது. அலுமாரிக் கதவுகள் விரியத் திறந்து கிடக்க, உள்ளே தொங்கும் சேலைகளெல்லாம் பூச்சி உருண்டை வாசத்தோடு வேலைக்கு வந்திருக்கின்றன.

"கையத் தட்டிப் பாருங்க" என்கிறார் கிட்டார்க்காரர். விறாந்தையில் தட்டினால் சீமெந்துச் சுவரெல்லாம் கிணுகிணுக்கிறது. மெத்தைப் பக்கம் தட்டினால் 'டப்' என்று அங்கேயே அடங்குகிறது. எனக்கு ஒரே புளகாங்கிதம். விலை கூடிய மைக் வாங்க நினைக்கும் எல்லாரும் முதலில் வீட்டு மெத்தையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

மைக்குக்குத் தாங்கி கிடையாது. பிளாஸ்டிக் கதிரையில் தும்புத்தடியைக் கட்டி, அதன் நுனியில் மைக்! மருமகன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மற்றக் காதைக் கிட்டாருக்கு முன்னால் நகர்த்தி நகர்த்தி இடம் தேடுகிறான். துளைக்கு நேரே வந்ததும் முகம் சுளிக்கிறான். "இதில கும்மெண்டு இரிக்கி மாமா." கழுத்தும் உடலும் சேரும் பக்கம், 12ஆம் பிரெட்டுக்கு நேரே, ஓரடி தள்ளிக் காதை வைத்தவன் கண் விரிகிறது. காது நின்ற அதே இடத்துக்கு மைக் போகிறது.

மின்விசிறியை நிறுத்தியாயிற்று, யன்னல்கள் சாத்தியாயிற்று. வெளியே கச்சான் காற்று கொதிக்கிறது. உள்ளே எங்கள் எல்லாருக்கும் முதுகோடு சட்டை ஒட்டிவிட்டது. கிட்டார்க்காரர் டேக்குக்கு டேக் விரலைச் சாரத்தில் துடைக்கிறார், தந்திகளைத் துணியால் துடைக்கிறார், சுருதி பார்க்கிறார். உப்புக்காற்றில் எஃகுத் தந்தி சீக்கிரம் மங்கிவிடும் என்று நேற்றே புதுத் தந்தி போட்டு, இழுத்துப் பழக்கி வைத்திருக்கிறார்.

வாசிப்பது கப்ரிஞ்ஞா. போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியரின் ஆட்ட இசை, பைலாவுக்கும் மூத்தது. வழக்கமாக வயலின் மெட்டைப் பிடிக்க, கிட்டார் கூடப் போகும். இவரோ இரண்டையும் ஆறு தந்திக்குள் கொண்டுவந்திருக்கிறார்! துள்ளல் உச்சிக்கு ஏறும் நேரம், தெருவில் பாட்டுப் போட்டபடி பாண் விற்கும் சூண் பாண் ஓட்டோ! பேத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' வீடு முழுக்க. ஆளாளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம். அம்மம்மா மட்டும் காசோடு வாசலுக்கு ஓடுகிறார்.

பிளேன்ரீயும் மாலுபாணும் வந்ததும் பேச்சு வாவி மீனுக்குத் தாவுகிறது. 1950களில் லாங் என்ற யேசுசபைப் பாதிரியார் இந்த வாவியின் பாடும் மீன் ஒலியைப் பதிவுசெய்தார், அது வானொலியிலும் ஒலித்தது. "மீன் பாட்டே ராவிலதானே நல்லாக் கேக்கும்? நாமளும் ராவைக்கு எடுப்பம்" என்கிறான் மருமகன். முடிவாகிவிட்டது.

இரவு. ஓட்டோ இல்லை, காகம் இல்லை. முதலில் இருப்பதிலேயே பலமான தட்டை வாசிக்கச் சொல்லி, சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு ஒலி மட்டத்தை இறக்குகிறான் மருமகன். கிரீச்சிடும் கதிரை போய் மரக் கதிரை வருகிறது. பிறகு ஒரே மூச்சில் முழுப் பாட்டும்!

அம்மம்மாதான் முதலில் ஹெட்போனைப் பிடுங்குகிறார். "மனே, நீ மூச்சு விடுறதும் கேக்குது!" கிட்டார்க்காரர் திரும்ப எடுக்கலாம் என்கிறார். கூடவே கூடாது என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அந்த மூச்சால்தான் அவர் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது தெரிகிறது. அம்மம்மா என் பக்கம். ஆனால் ஹெட்போனைக் கழற்றத் தயாரில்லை, காலால் தாளம் போட்டுக்கொண்டே இன்னொரு தரம் போடச் சொல்கிறார்.